அரை மாத்திரையிலிருந்து அளபெடை வரை

நேயர்களுக்கு வணக்கம்.

2021 ஆகஸ்ட் மாதக் கடைசி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து இசைக்குழுவான டர்ன்ஸ்டைல் தன் மூன்றாவது ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. பெயர் 'குளோ ஆன்'. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டைத் தட்டினேன். கண்ணாடி மணிகளைப் படிக்கட்டில் உருட்டிவிட்டது போல ஒரு சிந்தசைசர் ஒலி, ஏறுவதும் இறங்குவதுமாக. சில விநாடிதான் கேட்டிருப்பேன், நிறுத்திவிட்டேன். வேறு யாருடைய பாட்டையோ கைதவறித் தட்டிவிட்டோம் என்று நினைப்பு. திரையில் பெயரைப் பார்த்தேன். அதே குழுதான். 'மிஸ்டரி' என்ற அதே பாட்டுதான். மறுபடி போட்டேன். மணிகள் உருண்டு முடியும் இடத்தில் டிரம்ஸும் கிட்டார்களும் ஒருசேர வந்து விழுந்தன. அப்போதுதான், அட, நம்ம ஆட்கள்தான் என்று மூச்சு வந்தது.

நான் ஏன் பதறினேன் என்று புரிய, அந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

டர்ன்ஸ்டைல் 2010இல் தொடங்கிய ஹார்ட்கோர் குழு. ஹார்ட்கோர் என்பது பங்க் ராக் பெற்ற முரட்டுப் பிள்ளை. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலஸ், வாஷிங்டன் டி.சி. போன்ற ஊர்களில் இருந்த இளவட்டங்களுக்குப் பங்க்கின் வேகமே போதவில்லை. இன்னும் வேகம், இன்னும் சுருக்கம், இன்னும் சத்தம் என்று போனார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த மைனர் திரெட் குழு 1981இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற பாட்டு முக்கால் நிமிடம்தான் ஓடும். நான் ஹார்ட்கோர் என்றால் என்ன என்று இங்கே விளக்கி முடிப்பதற்குள் அந்தப் பாட்டு முடிந்து, அடுத்ததும் பாதி போயிருக்கும். குடியும் போதையும் வேண்டாம் என்று சொன்ன அந்த முக்கால் நிமிடமே ஒரு வாழ்க்கை முறைக்குப் பெயர் கொடுத்தது என்பது தனிக் கதை.

கச்சேரியும் அப்படித்தான். மேடை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, முழங்கால் உயரம் இருந்தால் அதிகம். கூட்டத்துக்கும் குழுவுக்கும் நடுவே தடுப்பு இல்லை. பாடுகிறவர் மைக்கை நீட்டுவார். முன்வரிசைக்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி அதில் கத்துவார்கள். ஒருவன் மேடையில் ஏறுவான், திரும்பி ஓடிவந்து எல்லார் தலைமேலும் குதிப்பான். கீழே இருப்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள். நடுவில் மோஷ் பிட், இடித்துப் பிடித்துச் சுழலும் ஆட்டம். விழுந்தவரைத் தூக்கிவிடுவது அங்கே எழுதாத சட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடிதடி. உள்ளே இருப்பவருக்கு அது உறவு.

இந்த இசையைப் பற்றிப் பேச எனக்கு இசைச் சொற்களைவிட நம் இலக்கணச் சொற்களே கைகொடுக்கின்றன. பள்ளியில் படித்திருப்பீர்கள். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம் அல்லது கை நொடிக்கிற நேரம். ஹார்ட்கோர் என்பது மெய்யும் குறிலுமாகவே எழுதிய இசை, அதிலும் வல்லினமாகப் பார்த்துப் பொறுக்கியது. கட்டு, தட்டு, வெட்டு, முட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். நெடிலுக்கு அங்கே நேரமில்லை. இன்னொரு பக்கம், ட்ரீம் பாப் என்று ஒரு வகை இருக்கிறது. கனவில் மிதப்பது போன்ற பாப். கிட்டார் ஒலி விளிம்பு மங்கி, தண்ணீரில் கரைந்த சாயம் போலப் பரவும். குரல் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிடிபடாது. அது தாலாட்டுக் கட்சி. நெடிலும் மெல்லினமும்.

இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு குழு எப்படிப் போகிறது? மனசு மாறியது, வயசானது, காசு பார்த்தது என்று மூன்று காரணம் சொல்வார்கள். எனக்கு நாலாவதாக ஒன்று முக்கியமாகப் படுகிறது. அது வெறும் கணக்கு.

ரிவெர்ப் என்று ஒரு விஷயம். பெரிய மண்டபத்தில் நின்று ஒரு தடவை கைதட்டினால் ஓசை உடனே சாகாது. சுவர்களில் பட்டுப்பட்டு ஒரு வால் போல நீண்டு தேயும். அந்த வால்தான் கனவுத்தன்மையின் மூலப்பொருள். ஸ்டுடியோவில் அதைக் கருவி வைத்துச் செயற்கையாகவே சேர்ப்பார்கள். சரி, நிமிடத்துக்கு 200 அடி என்ற வேகத்தில் ஓடும் ஒரு ஹார்ட்கோர் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.3 விநாடிதான். அதன் மேல் 2 விநாடி வால் வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு அடியின் வாலும் அடுத்து வரும் ஆறு அடிகளின் மேல் படியும். எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும். டிரம்ஸில் எது ஸ்நேர் அடி, எது கிக் அடி என்று தெரியாது. அதனால்தான் ஹார்ட்கோர் பதிவுகள் பெரும்பாலும் வறண்ட ஒலியோடு இருக்கும், சின்ன அறையில் காதருகே அடிப்பது போல. வேகத்தை 90க்குக் குறைத்தால் இடைவெளி 0.67 விநாடி ஆகிறது. அதே வால் மூன்று அடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, ஒரு முரட்டுக் குழு கனவு காண ஆசைப்பட்டால் மட்டும் போதாது. முதலில் இடைவெளி வேண்டும். ஒன்று, வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால், வேகமான பாட்டுக்குள்ளேயே சந்துபொந்துகளைத் தேட வேண்டும். டர்ன்ஸ்டைல் இரண்டையும் செய்தார்கள். இரண்டாவதில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அதற்கு முன் அவர்களுடைய முன்னோரைப் பார்த்துவிட்டு வரலாம். இந்தப் பாதையில் அவர்கள் முதல் ஆளில்லை.

ஹார்ட்கோர் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று பேட் பிரெய்ன்ஸ். வாஷிங்டனின் கறுப்பினக் கலைஞர்கள் நால்வர். ஜாஸ் ஃபியூஷன் வாசிக்கத் தொடங்கி, பங்க்குக்கு வந்து, அதை யாரும் நினைத்துப் பார்க்காத வேகத்துக்கு முடுக்கியவர்கள். 1982இல் ஒலிநாடாவாக மட்டுமே வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டால், புயலடிக்கிற பாட்டுகளுக்கு நடுவே நிதானமான ரெகே பாட்டுகள் வரும். தாளத்தில் காற்றோட்டம், எதிரொலி, ஆட்டம். ஹார்ட்கோரின் தூய்மையைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். கடிவாளம் இல்லாத வேகத்தைக் கண்டுபிடித்தவர்களே அதை விடாமல் வாசிக்கவில்லை.

அடுத்து, மினசோட்டா மாநிலத்தின் ஹூஸ்கர் டூ. கிட்டாரில் பாப் மோல்ட், டிரம்ஸில் கிராண்ட் ஹார்ட், பேஸில் கிரெக் நார்டன். மூவர்தான். குழுவின் பெயர் ஸ்காண்டிநேவிய நாட்டுப் பலகை விளையாட்டு ஒன்றின் பெயர், 'ஞாபகம் இருக்கிறதா' என்று பொருள். 1981 ஆகஸ்டில் மினியாபொலிஸின் ஒரு சின்ன அரங்கில் அவர்கள் வாசித்ததை அப்படியே பதிவு செய்து முதல் ஆல்பமாக வெளியிட்டார்கள். 17 பாட்டு, மொத்தம் 26 நிமிடம் சொச்சம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை. அதைக் கேட்பது ஒரு ரயில் நம்மைக் கடந்து போவது போல. ரயிலில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் பார்க்க முடியாது.

மூன்றே வருடம். 1984 ஜூலையில் அதே மூவர் 'ஜென் ஆர்கேட்' என்று இரட்டை ஆல்பம் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். 23 உருப்படிகள். அவற்றில் ஒன்று வெறும் அக்கூஸ்டிக் கிட்டாரோடு பாடியது. சில பியானோத் துண்டுகள். பின்னோக்கி ஓடவிட்ட ஒலிநாடா. கடைசியில் பாட்டே இல்லாமல் 14 நிமிடத்துக்குப் போகும் வாத்திய இசை. இத்தனையும் பெரும்பாலும் முதல் டேக்கிலேயே பதிவானவை. வீட்டை விட்டு ஓடிப்போகும் ஒரு பையனின் கதை என்று அதற்கொரு சரடும் இருந்தது. அடுத்தடுத்த ஆல்பங்களில் மெட்டு மேலே வந்துகொண்டே இருந்தது. 1986இல் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். 1988 தொடக்கத்தில் பிரிந்தார்கள். இரண்டு பாடலாசிரியர்கள் ஒரே குழுவில் இருந்தால் வரும் வழக்கமான புகைச்சல், அதில் புதிதாக ஒன்றுமில்லை.

அவர்கள் விட்டுச்சென்ற இடம் எப்படிப்பட்டது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு விளம்பரம். 1986இல் பாஸ்டனில் புதிதாகத் தொடங்கிய ஒரு குழு பேஸ் வாசிக்க ஆள் தேடியது. விளம்பரத்தில் அவர்கள் கேட்டிருந்தது, ஹூஸ்கர் டூவும் பீட்டர், பால் அண்ட் மேரியும் பிடித்த ஆள் வேண்டும் என்று. ஒரு பக்கம் இரைச்சல் மன்னர்கள். மறுபக்கம் மூன்று குரல் இழைந்து நாட்டுப்பாடல் பாடும் குழு. அதைப் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர்தான், கிம் டீல். அந்தக் குழு பிக்ஸீஸ். பிற்பாடு ராக் இசையில் பாதிப் பேர் பிக்ஸீஸைப் பார்த்து எழுதினார்கள். முரடும் மெட்டும் ஒரே ஆளுக்குப் பிடித்திருக்கலாம் என்று ஒருவர் வெளிப்படையாக விளம்பரம் கொடுக்க முடிந்தது என்றால், அந்த வாசலைத் திறந்ததில் ஹூஸ்கர் டூவுக்குப் பங்குண்டு.

எல்லாருக்கும் இது கைகூடியதா என்றால் இல்லை. மாசசூசெட்ஸின் கேவ் இன், இரும்பைக் கடித்தது போன்ற இசையிலிருந்து 2000இல் விண்வெளி ராக்குக்குப் போய், பெரிய நிறுவனத்தில் 2003இல் ஓர் ஆல்பம் போட்டு, திரும்பப் பழைய சிறு நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தது. பென்சில்வேனியாவின் டைட்டில் ஃபைட் 2015இல் மேகமூட்டமான ஓர் அருமையான ஆல்பத்தைக் கொடுத்தது. அதற்குப் பின் அவர்களிடமிருந்து ஆல்பமே வரவில்லை.

இப்போது பால்டிமோருக்கு வருவோம். வாஷிங்டனிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம்தான். துறைமுக நகரம். வாஷிங்டனின் ஹார்ட்கோர் வாசனை அங்கே எப்போதும் உண்டு. ஆனால் அந்த நகரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பீச் ஹவுஸ் என்ற இருவர் குழு 2004இல் அங்கேதான் தொடங்கியது. ட்ரீம் பாப் என்று இன்று யார் பேச்செடுத்தாலும் முதல் மூன்று பெயர்களுக்குள் அது வந்துவிடும். அவர்களுடைய பேரைப் பரப்பிய ஆல்பம் வெளிவந்தது 2010 ஜனவரியில். டர்ன்ஸ்டைல் தொடங்கிய அதே வருடம், அதே நகரம். இவர்கள் அவர்களைக் கேட்டுக் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கனவு மிதக்கும் இசை பால்டிமோரில் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை. அது அடுத்த தெருச் சத்தம். இதோடு பால்டிமோர் கிளப் என்று ஒரு நடன இசையும் அந்த நகரத்துக்கே உரியது. 1990களின் தொடக்கத்தில் உருவானது, உடைந்து துள்ளும் தாளம். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டர்ன்ஸ்டைலின் பாடகர் பிரெண்டன் யேட்ஸ். அவர் அதற்கு முன் டிராப்டு அண்டர் ஐஸ் என்ற பால்டிமோர் ஹார்ட்கோர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இதைச் சும்மா தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரம்ஸ்காரர் பாட வந்தால் சொல்லைத் தாளமாகத்தான் போடுவார். அவர்களுடைய பழைய பாட்டுகளில் வாய்ப்பாட்டு இன்னொரு ஸ்நேர் மாதிரி விழும். 2013இல் அவர்கள் வெளியிட்ட 'ஸ்டெப் டூ ரிதம்' என்ற சிறு இசைத்தட்டின் பெயரிலேயே ஓர் ஆட்டத்தின் சாடை உண்டு. டூ-ஸ்டெப் என்பது ஹார்ட்கோர் கூட்டத்தில் கால் மாற்றிப் போடும் நடை. அடிதடிக்குள்ளும் ஆட்டம் இருக்கிறது என்று முதலிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2015இல் முதல் முழு ஆல்பம், 2018இல் 'டைம் அண்ட் ஸ்பேஸ்'. இந்த இரண்டாவது, ரோட்ரன்னர் நிறுவனத்தில் வந்தது. அது வார்னர் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே கண்டிப்பான அகராதிப்படி இவர்களை 'இண்டி', அதாவது பெரிய நிறுவனத்தைச் சாராத குழு, என்று சொல்ல முடியாது. வளர்ந்த முறையும் பழக்கவழக்கமும்தான் இண்டி. 13 உருப்படிகள் கொண்ட அந்த ஆல்பம் 25 நிமிடம்தான். ஆனால் பாட்டுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு லவுஞ்ச் இசைத் துணுக்கு வந்து போகும். நான் அப்போது அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது கேட்டால், வீடு மாற்றப் போகிறவர் ஒவ்வொரு சாமானாக முன்கூட்டியே அனுப்பி வைப்பது போல இருக்கிறது.

சாமான் முழுசாக வந்து இறங்கியது 'குளோ ஆன்' ஆல்பத்தில். அட்டையே சொல்லிவிடும், இளஞ்சிவப்பு வானம், மேகம். ஹார்ட்கோர் ஆல்பத்துக்கு இளஞ்சிவப்பு! தயாரித்தவர் மைக் எலிசொண்டோ. டாக்டர் ட்ரே, எமினெம் ஆகியோரோடு வேலை செய்தவர், ஹிப் ஹாப்பின் ஆள். 15 பாட்டு, 35 நிமிடம். கணக்கைக் கவனியுங்கள். பாட்டுக்குச் சராசரி இரண்டேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கனவு கண்டாலும் அளவாகத்தான் கண்டார்கள். மற்ற குழுக்கள் சறுக்கிய இடம் இதுதான் என்பது என் கட்சி. மெதுவாகப் போனதும் பாட்டை இழுத்து, ஆறு நிமிடம் எட்டு நிமிடம் என்று மேகத்தைப் பிழிந்துகொண்டிருப்பார்கள். இவர்கள் நெடிலை எடுத்துக்கொண்டார்கள், வெண்பாவின் அளவை விடவில்லை.

'அண்டர்வாட்டர் பாய்' என்ற பாட்டில் வேகத்தையே குறைத்தார்கள். கிட்டார் பளிச்சென்று சுத்தமான ஒலி, அதன் மேல் கோரஸ் எஃபெக்ட், தண்ணீருக்கடியில் இருந்து கேட்பது போல லேசாக நெளியும். இது எளிய வழி, நன்றாகவே செய்திருக்கிறார்கள். நான் முன்பு சொன்ன இரண்டாவது வழி வேகமான பாட்டுகளில் இருக்கிறது. கிட்டார் வறண்டே இருக்கும், டிரம்ஸ் வறண்டே இருக்கும். யேட்ஸின் குரலுக்கு மட்டும் எதிரொலி. அவர் ஒரு சொல்லை வீசிவிட்டு நிறுத்துவார். அந்தச் சொல்லின் வால் மட்டும் அடுத்த அடி விழும்வரை காற்றில் தொங்கும். அவர் தொடர்ந்து பாடினால் அந்த வால் கேட்காது. அதனால் குறைவாகப் பாடுகிறார். சொற்களைக் குறைத்து இடைவெளியைச் சம்பாதிக்கிறார். 0.3 விநாடிச் சந்துக்குள் கனவை நுழைக்க அது ஒரு வழி. ஹெட்போனில் ஒருமுறை இதற்காகவே கேட்டுப் பாருங்கள். பாட்டைக் கேட்காதீர்கள், சொல் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கேளுங்கள்.

பிறகு 'ஏலியன் லவ் கால்'. இதில் உடன் பாடுபவர் டெவ் ஹைன்ஸ். பிளட் ஆரஞ்ச் என்ற பெயரில் மென்மையான, இரவு நேரத்து ஆர் அண்ட் பி இசை செய்கிறவர். வன்முறையான குழுவுக்கு மென்மையான விருந்தாளி என்று எழுதினார்கள். அந்த விருந்தாளியின் பூர்வீகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 2000களின் நடுவில் லண்டனில் டெஸ்ட் ஐசிக்கிள்ஸ் என்று காதைக் கிழிக்கும் ஒரு பங்க் குழு இருந்தது. ஒரே ஓர் ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்தது. அதில் இருந்த மூவரில் ஒருவர் இதே டெவ் ஹைன்ஸ். எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டார்கள் என்பது வெளித்தோற்றம். உண்மையில் ஒரே பாதையில் பதினைந்து வருடம் முன்னால் போனவர், பின்னால் வருகிறவருக்காக நின்றிருக்கிறார்.

அந்தப் பாட்டில் மோஷ் பிட்டுக்கு வேலையே இல்லை. கச்சேரி வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். முந்தின பாட்டில் தலைமேல் தலையாக விழுந்துகொண்டிருந்த கூட்டம், வியர்வை சொட்டச் சொட்ட நின்று, வாய்விட்டுச் சேர்ந்து பாடுகிறது. மைக்கை நீட்டினால் கத்துவது என்ற பழைய பழக்கம் இங்கே சேர்ந்திசையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அந்த ஆல்பத்துக்காக 2023 கிராமி விருதுகளில் மூன்று பரிந்துரைகள் வந்தன. 'ஹாலிடே' சிறந்த ராக் நிகழ்த்தல் பிரிவில். 'பிளாக்அவுட்' சிறந்த ராக் பாடல் பிரிவிலும் சிறந்த மெட்டல் நிகழ்த்தல் பிரிவிலும். ஒரே பாட்டை ராக்கிலும் வைத்தார்கள், மெட்டலிலும் வைத்தார்கள். எந்தப் பெட்டியில் போடுவது என்று அவர்களுக்கும் குழப்பம்தான்.

வழக்கம்போலத் திட்டும் வந்தது. விலைபோய்விட்டார்கள், இது ஹார்ட்கோரே இல்லை, விளம்பரப் பாட்டு என்றெல்லாம். என் நண்பர் ஒருவர், 2015 ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர், "எல்லாம் போச்சுப்பா, இவங்களும் மெல்லிசைக் கச்சேரி ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். எனக்கு அந்தக் கோபம் புரியாமல் இல்லை. சின்ன அறையில் நூறு பேரோடு கண்டெடுத்த ஒன்றை ஊரே பாடும்போது, நம் வீட்டுக் கூடத்தில் யார் யாரோ வந்து உட்கார்ந்துகொண்டது போல இருக்கும். ஆனால் இசை கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

இங்கே மறுபடி இலக்கணத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வல்லினம் ஆறுக்கும் மெல்லினத்தில் ஒவ்வொரு துணை உண்டு. இன எழுத்து என்போம். ககரத்துக்கு ஙகரம், சகரத்துக்கு ஞகரம், டகரத்துக்கு ணகரம், தகரத்துக்கு நகரம், பகரத்துக்கு மகரம், றகரத்துக்கு னகரம். ப சொல்லிப் பாருங்கள், ம சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே இடத்தில்தான் ஒட்டுகிறது. காற்றை வாயில் அடைத்து வெடிக்கவிட்டால் ப. அதே காற்றை மூக்கு வழியாக விட்டால் ம. பிறப்பிடம் ஒன்று, காற்று போகும் வழி மட்டும் வேறு.

டர்ன்ஸ்டைலின் மென்மையும் அவர்களுடைய முரடு பிறந்த இடத்திலேயே பிறந்தது என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறேன். பிரேக்டவுன். ஹார்ட்கோர் பாட்டில் தலைதெறிக்க ஓடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் திடீரென்று வேகம் பாதியாகும். கிட்டார் கனத்த குத்துகளாக விழும். கூட்டம் அதற்காகத்தான் காத்திருக்கும், பிட் திறக்கும் இடம் அதுதான். 200 அடி வேகம் 100 ஆகும் இடம். அதாவது, ஹார்ட்கோருக்குள் முதலிலிருந்தே ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. எல்லாரும் அந்த இடைவெளியில் கனத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இவர்கள் அதே இடத்தில் காற்றைத் திறந்துவிட்டார்கள்.

2025 ஜூன் மாதம் வந்த 'நெவர் எனஃப்' ஆல்பத்தில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். இதற்குள் குழுவில் சின்ன மாற்றம். கிட்டார் வாசித்த பிராடி எபர்ட் 2022இல் விலக, மெக் மில்ஸ் வந்து சேர்ந்திருந்தார். தயாரிப்புப் பொறுப்பை யேட்ஸே எடுத்துக்கொண்டார். அதில் 'சன்ஷவர்' என்ற பாட்டு. பழைய டர்ன்ஸ்டைல் மாதிரியே பாய்ந்து வரும். இதோ பிரேக்டவுன் விழப்போகிறது என்று உடம்பு தானாக முறுக்கிக்கொள்ளும். விழாது. டிரம்ஸ் விலகி, ஒலி அப்படியே விரிந்து, ஒரு புல்லாங்குழல் வரும். வாசிப்பவர் ஷபாகா ஹட்சிங்ஸ், லண்டன் ஜாஸ் உலகின் பெரிய ஆள். வெயிலோடு பெய்யும் மழை என்று பாட்டுக்குப் பெயர். நாம் நரிக்குக் கல்யாணம் என்போம்.

'லுக் அவுட் ஃபார் மீ' ஆறரை நிமிடத்துக்கு மேல் போகிறது. அளவாகக் கனவு கண்டார்கள் என்று நான் புகழ்ந்ததை அவர்களே மீறிய இடம். ஆனாலும் நீட்டி இழுக்கவில்லை. கனமான ராக் பாட்டாகத் தொடங்கி, நடுவில் உருகி, கடைசியில் ஒரு துள்ளும் தாளம் எழுகிறது. ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, பால்டிமோர் கிளப். அதுதான். உலகத்தையே சுற்றிவந்த குழு, தன் கனவின் அடியில் சொந்த நகரத்தின் நடனத் தாளத்தைப் போட்டிருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ஆல்பத்தில் 'ஸ்லோடைவ்' என்று ஒரு பாட்டு. ஸ்லோடைவ் என்பது கனவு இசைக்கே இலக்கணம் வகுத்த ஓர் ஆங்கிலக் குழுவின் பெயர். சரி, இதுதான் ஆல்பத்திலேயே மென்மையான பாட்டாக இருக்கும் என்று நம்பிப் போட்டால், யானை நடப்பது போன்ற கிட்டார் ரிஃப். நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள்.

ஆல்பம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 மே மாதம், பால்டிமோரின் வைமன் பார்க் டெல் என்ற திறந்தவெளிப் பூங்காவில் கட்டணமில்லாமல் வாசித்தார்கள். வீடற்றவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஓர் அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காக. அந்தப் படக்காட்சிகளில் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்தவர்கள் தெரிகிறார்கள், மேடையேறிக் குதிப்பவர்களும் தெரிகிறார்கள். புதுப்பாட்டுக்கும் குதிக்கிறார்கள். மெதுவான பாட்டுக்குக் குதிப்பது எப்படி என்று கேட்டால், அதே மாதிரிதான். கீழே தாங்குகிற கைகளுக்கு டெம்போ தெரியாது.

எனக்கு இந்த ஆல்பத்தில் குறை ஒன்று உண்டு. நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் 'குளோ ஆன்' பாட்டுகளின் நிழலாகவே இருக்கின்றன. அங்கே சிரித்த இடத்தில் இங்கேயும் சிரிக்கிறார்கள். ஒரு தடவை திறந்த ஜன்னலை மறுபடி திறந்து காட்டுவது போல. இன்னும் துணிந்திருக்கலாம். துணிந்த பாட்டு என்று நான் சொல்வது கடைசியில் இருக்கிறது.

'மேஜிக் மேன்' என்று பெயர். கீபோர்டும் குரலும் மட்டும். டிரம்ஸ் இல்லை, கிட்டாரின் இரைச்சல் இல்லை, பின்னால் ஆள் இல்லை. ஒரு காலத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர், சொற்களை ஸ்நேர் அடி போலப் போட்டுப் பழகியவர், தாளமே இல்லாமல் நின்று பாடுகிறார். சொல்லின் கடைசி உயிரெழுத்தை எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்று அவருக்கே இன்னும் சரியாகத் தெரியாதது போல, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு தயக்கம் கேட்கிறது. எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது. மூன்று மாத்திரைக்குப் புதிதாக வந்தவரின் தயக்கம் அது.

உங்கள் கருவியில் ஆல்பம் தானாக முதலுக்குத் திரும்பும்படி வைத்திருந்தால், அதை மாற்ற வேண்டாம். கடைசிப் பாட்டின் கீபோர்டு அடங்கும், முதல் பாட்டின் கீபோர்டு அதே மென்மையோடு தொடங்கும். டிரம்ஸ் எப்போது வரும் என்று காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.